வர்ணனை போதாத இடம்: ரோல்பிளேயிங் ஆட்டங்களில் விதியும் சூழலும்

கேள்வி சுருக்கமாக இது: ஒருவர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை போட்டு ஆடும் கதை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பை வைத்து நண்பர்களுக்கு ஒரு திகில் கதை நடத்துகிறார். பாழடைந்த மடாலயம், நிற்காத மழை, இருட்டில் எங்கோ ஒலிக்கும் மணி. பக்கம் பக்கமாக எழுதிவைத்து வாசிக்கிறார், விளக்கை மங்கலாக்குகிறார், பின்னணி இசையும் போடுகிறார். ஆனால் யாருக்கும் பயம் வரவில்லை. கதவு திறந்ததுமே எல்லோரும் சண்டைக்குப் பகடையை எடுத்துவிடுகிறார்கள். விதிகளை மாற்ற வேண்டுமா, இல்லை உலகத்தை இன்னும் ஆழமாக எழுத வேண்டுமா என்று கேட்கிறார்.

விதியில் இருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். ஏனென்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நானும் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டம் சரியாக வராத ஒவ்வொரு முறையும் இன்னும் இரண்டு பக்கம் வர்ணனை எழுதினேன். அது உதவவே இல்லை.

ஆட்டக்காரர் உங்கள் குரலைக் கேட்கிறார், சரி. ஆனால் அவர் முன்னால் தன் பாத்திரத்தின் திறமைகளும் எண்களும் எழுதிய ஒரு தாளும் இருக்கிறது. முடிவெடுக்கும் நேரத்தில் அவர் பார்ப்பது அந்தத் தாளைத்தான். அதில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2014-ல் வந்த விதிநூலின்படி, ஓரளவு உடல்வலு உள்ள ஐந்தாம் லெவல் போர்வீரருக்கு 44 உயிர்ப்புள்ளிகள். சங்கிலிக் கவசமும் கேடயமும் இருந்தால் தற்காப்பு எண், அதாவது எதிரியின் வீச்சு எட்ட வேண்டிய எண், 18. காப்ளின் என்ற சாதாரணச் சிறு பூதம் ஒன்று அவர்மேல் வாளை வீசினால் படுவதற்கு வாய்ப்பு 35 சதவீதம். பட்டாலும் போவது சராசரியாக ஐந்தாறு புள்ளிதான். ஆக, அவரை வீழ்த்த அந்தக் காப்ளின் சராசரியாக இருபது முறைக்கு மேல் வீச வேண்டியிருக்கும். அப்படியே வீழ்ந்தாலும் சாவு உடனே வருவதில்லை. உயிர் பிழைக்கும் பகடையில் மூன்று தோல்வி சேருவதற்குள், அறுபது அடி தள்ளி நிற்கும் பூசாரி ஒரே சொல்லில் அவரை எழுப்பிவிடலாம். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால் இழந்த புள்ளிகள் அத்தனையும் திரும்பிவிடும்.

இப்போது உங்கள் இருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சரி. அந்த விதிநூலில் குள்ளர்களுக்கும் எல்ஃப்களுக்கும் இன்னும் பல இனத்தாருக்கும் அறுபது அடி வரை இருட்டிலும் கண் தெரியும். கண் தெரியாதவர் குழுவில் இருந்தாலும், ஒளி தரும் எளிய மந்திரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். செலவே கிடையாது. வார்த்தையில் இருட்டு, விதியில் பகல். இரண்டும் முரண்படும்போது ஆட்டக்காரர் விதியைத்தான் நம்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த உலகத்தில் உண்மையில் என்ன நடக்கும் என்பதை அவருக்குச் சொல்வது விதிதானே.

இதற்கு நேர் எதிராக கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டத்தைப் பாருங்கள். 1981-ல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்டது, வடிவமைத்தவர் சாண்டி பீட்டர்சன். அதன் ஏழாம் பதிப்பில் ஒரு சராசரி மனிதருக்கு உயிர்ப்புள்ளி பத்து, பதினொன்று இருக்கும். அனுபவம் கூடினாலும் அது கூடாது. ஒரு கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்றிலிருந்து பத்து வரை எடுத்துவிடும். சிறு காயம்கூட நாளுக்கு ஒரு புள்ளி வீதம்தான் ஆறும். இதெல்லாம் தெரிந்த ஆட்டக்காரரிடம் "அவன் கையில் துப்பாக்கி இருக்கிறது" என்று சொன்னால் போதும். வேறு வர்ணனை வேண்டாம்.

அந்த ஆட்டத்தின் மனத்தெளிவுப் புள்ளிகள் (பயங்கரங்களைப் பார்க்கும்போது குறையும் எண்) பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதற்குள் ஒளிந்திருக்கும் இரண்டு சின்ன விதிகள்தான் பிடிக்கும். முதலாவது: கதுல்ஹு என்ற பயங்கரத் தெய்வம் போன்றவை பற்றிய ரகசிய அறிவு ஒரு திறமையாக எண்ணப்படுகிறது, 99-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவதுதான் உங்கள் மனத்தெளிவின் உச்ச வரம்பு. தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள வரம்பு இறங்கும். இரண்டாவது: ஒரே அதிர்ச்சியில் ஐந்து புள்ளியோ அதற்கு மேலோ போனால், புத்திக்கூர்மைக்குப் பகடை போட வேண்டும். அதில் வென்றால் உங்களுக்குப் பித்துப் பிடிக்கும். தோற்றால் தப்பித்தீர்கள், பார்த்தது என்னவென்றே உங்கள் மனதுக்கு உறைக்கவில்லை. மற்ற ஆட்டங்களில் பொதுவாகப் பகடையில் வெல்வது நல்லது. இங்கே புரிந்துகொண்டதற்குத் தண்டனை. அறிவதே ஆபத்து என்று பத்துப் பக்க முன்னுரை எழுதலாம், ஆனால் இந்த ஒற்றைப் பகடை வீச்சு செய்வதை அது செய்யாது. பகடை உருளும்போது தன் பாத்திரம் புத்திசாலி என்பதை நினைத்து ஆட்டக்காரர் வருத்தப்படுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஒரு விதி எதற்குப் பரிசு கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில், பாதாளத்திலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி. பூதங்களைக் கொல்வதில் கிடைப்பது அதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆகவே நல்ல ஆட்டக்காரர் சண்டையைத் தவிர்ப்பார், பதுங்குவார், பூதத்திடம் பேரம் பேசுவார், தூங்கும் டிராகனைச் சுற்றிக்கொண்டு போவார். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் காசுக்கான புள்ளி, விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதியாகச் சுருங்கியது. பாதாளம், டிராகன், தீப்பந்தம் எதுவும் மாறவில்லை. ஆனால் எதிர்ப்படுவதை வெட்டினால்தான் வளரலாம் என்று ஆகும்போது அதே பாதாளத்துக்குள் வேறொரு மனிதர் நடக்கிறார். திருடனின் படபடப்பு போய்விடுகிறது. அந்தப் படபடப்பு உலகக் குறிப்புகளில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை, அனுபவப் புள்ளிக் கணக்கில்தான் இருந்தது.

ரத்தக்காட்டேரிகளாக ஆடும் வேம்பயர்: தி மாஸ்கரேட் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு, ஏனென்றால் அங்கே உலகத்தின் அடிப்படை அப்படியே இருக்க, விதி பெரிதாக மாறியது. 1991-ல் மார்க் ரெயின்-ஹேகன் உருவாக்கிய முதல் பதிப்பில் ரத்தம் என்பது ஒரு கையிருப்பு. பத்துப் புள்ளி இருக்கும், சக்திகளைப் பயன்படுத்தச் செலவழிப்பீர்கள், குறைந்தால் போய் நிரப்பிக்கொள்வீர்கள். மனிதத்தன்மை தேய்வதற்கும் விதி இருந்தது. ஆனால் ரத்தம் வண்டிக்கு எண்ணெய் போல ஆகிவிட்டதால், பல மேசைகளில் அது கோரைப்பல் வைத்த சூப்பர்ஹீரோ ஆட்டமாக மாறியது. நானும் அப்படித்தான் ஆடினேன், ரொம்பவே ரசித்தும் ஆடினேன். ஆனால் நூலின் அட்டை வாக்களித்த சோகம் அதில் இல்லை. 2018-ல் வந்த ஐந்தாம் பதிப்பு கையிருப்பை எடுத்துவிட்டுப் பசியைக் கொண்டுவந்தது. பசி எவ்வளவோ, அவ்வளவு சாதாரணப் பகடைகளை எடுத்துவிட்டு வேறு நிறப் பகடைகளை வைக்க வேண்டும். பூட்டை உடைக்கப் போட்டாலும், ஒருவரிடம் அன்பாகப் பேசப் போட்டாலும், அந்தப் பகடைகள் கூடவே உருளும். தோல்வியின்போது அவற்றில் எதிலாவது 1 என்ற எண் விழுந்தால் உள்ளே இருக்கும் மிருகம் குறுக்கே வரும். பெரிய வெற்றியில்கூட அவை கலந்திருந்தால் ரத்தக்களறியாகத்தான் முடியும். பசியை முழுசாகத் தீர்க்க ஒரே வழி ஒரு மனிதரைக் கொல்வது. இதற்கு மேல் அந்த உலகத்தின் சோகத்தைக் கேம் மாஸ்டர் (கதையை நடத்துபவர்) நினைவூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு கைப்பிடிப் பகடையிலும் அது கண்ணுக்குத் தெரிகிறது.

திகிலுக்கென்றே செய்த விதிகளில் நான் அதிகம் யோசித்தது 2019-ல் ஃப்ரீ லீக் வெளியிட்ட ஏலியன் ஆட்டத்தின் பதற்றப் பகடைகளை. அதில் ஆறு விழுந்தால் வெற்றி. பதற்றம் ஏற ஏற உங்கள் கையில் பகடைகள் கூடும், வெற்றி வாய்ப்பும் கூடும். நான்கு பகடையில் குறைந்தது ஒரு ஆறு விழ வாய்ப்பு சுமார் 52 சதவீதம். பதற்றத்தால் இன்னும் மூன்று சேர்ந்தால் 72 சதவீதம். ஆனால் அந்த மூன்றில் ஒன்றிலாவது 1 விழுந்தால் பீதி அட்டவணைக்குப் போக வேண்டும், அதற்கான வாய்ப்பு 42 சதவீதம். பயந்தவர் கூர்மையாக இருக்கிறார், அதே சமயம் எந்த நொடியும் உடைந்துபோகலாம். மனித உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது என்று அந்த மேசையில் உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது. தோற்ற பகடையை மறுபடி போடலாம், ஆனால் பதற்றம் ஒன்று ஏறும். அந்த முடிவை ஆட்டக்காரரே எடுக்கிறார் என்பதுதான் முக்கியம். நான் சொல்லி அவர் பயப்படவில்லை, அவரே கையை நீட்டி இன்னொரு பகடையை எடுத்துக்கொண்டார்.

ட்ரெட் என்ற ஆட்டம் இதையே இன்னும் எளிமையாகச் செய்கிறது. பகடையே கிடையாது, ஜெங்கா கோபுரம்தான், அதாவது மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரம். கஷ்டமான காரியம் எதைச் செய்தாலும் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால் பாத்திரம் கதையிலிருந்து போய்விடும். கை நடுங்குவது பாத்திரத்துக்கா ஆட்டக்காரருக்கா என்று பிரிக்கவே முடியாது.

இவ்வளவும் சொன்னதால், உலகம் வெறும் அலங்காரம், விதிதான் எல்லாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விதிகளை மட்டும் நம்பியும் நான் தோற்றிருக்கிறேன். ஒருமுறை கால் ஆஃப் கதுல்ஹு நடத்தினேன். விதிகள் எல்லாம் சரியாக இருந்தன, ஆனால் நேரமில்லாமல் ஊரையும் ஆட்களையும் ஏனோதானோ என்று தயாரித்திருந்தேன். இரண்டாவது மணி நேரத்திலேயே மனத்தெளிவுப் புள்ளி இன்னொரு உயிர்ப்புள்ளி ஆகிவிட்டது. "மூணு போச்சா, சரி, குறிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். எண் இறங்கியது, மனிதர் யாரும் இறங்கவில்லை. ஏனென்றால் அந்தப் பாத்திரத்துக்கு இழக்க ஒரு தங்கையோ, வேலையோ, நம்பிக்கையோ நாங்கள் உருவாக்கவில்லை. விதி இழப்பைக் கணக்கு வைக்கும். எதை இழக்கிறோம் என்பதை உலகம்தான் தர முடியும். ட்ரெட் ஆட்டம் கோபுரத்தோடு நிற்காமல், ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் அந்தரங்கமான கேள்விகள் அடங்கிய ஒரு தாளைக் கொடுப்பதும் இதற்காகத்தான். "உன் அண்ணனிடம் நீ கடைசியாகச் சொன்ன பொய் என்ன?" என்பது போன்ற ஒரு கேள்விக்குப் பதில் எழுதியவர் கட்டையை உருவும்போது, விழப்போவது யாரென்று அவருக்குத் தெரியும்.

இரண்டும் ஒன்றாகவே கலந்துபோன ஆட்டம் ஒன்று சொல்லச் சொன்னால் கிரெக் ஸ்டாஃபோர்டின் பெண்ட்ராகன், 1985. ஆர்தர் மன்னரின் வீரர்கள் பற்றியது. அங்கே வீரரின் குணங்கள் ஜோடி ஜோடியாக எழுதப்பட்டிருக்கும், மொத்தம் பதின்மூன்று ஜோடி. மன்னிக்கும் குணமும் பழிவாங்கும் குணமும் ஒரு ஜோடி என்றால், இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பழிவாங்கும் குணம் 16-ஓ அதற்கு மேலோ உள்ள வீரர் முன்னால் பழைய எதிரி மண்டியிட்டால், நீங்கள் என்ன செய்ய விரும்பினாலும் கேம் மாஸ்டர் பகடை போடச் சொல்லலாம். உங்கள் பாத்திரம் உங்கள் பேச்சைக் கேட்காமல் போகலாம். அப்புறம், வழக்கமாக ஆண்டுக்கு ஒரு சாகசம்தான். அது முடிந்ததும் குளிர்காலக் கட்டம்: நிலம் விளைந்ததா, குழந்தை பிறந்ததா, பிறந்தது பிழைத்ததா என்று பார்க்க வேண்டும். 35 வயதுக்கு மேல் முதுமைக்கும் பகடை உண்டு. பல மாதம் ஆடினால் மகனை வைத்து ஆட வேண்டிவரும். அந்த ஆட்டத்தில் எது விதி, எது உலகம் என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. விதிக்கும் சூழலுக்கும் போட்டி என்ற பேச்சே எனக்கு அலுத்துப்போனது பெண்ட்ராகன் ஆடிய பிறகுதான்.

விதியைச் சேர்ப்பதைவிட எடுப்பதுதான் நல்லது என்ற சந்தர்ப்பமும் உண்டு. துப்பறியும் கதைகளில் தடயம் கண்டுபிடிக்கப் பகடை போடச் சொல்வோம். தோற்றால் கதை அங்கேயே நின்றுவிடும். கேம் மாஸ்டர் இழுத்துப் பிடித்து வேறு வழி தேடுவார், அதற்குள் மேசையின் மனநிலை கலைந்துவிடும். ராபின் டி. லாஸ் வடிவமைத்த கம்ஷூ விதிமுறை அந்தப் பகடையையே தூக்கிவிட்டது. சரியான இடத்தில், சரியான திறமையோடு தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும். அந்தத் தடயத்தைத் தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வீர்கள் என்பதில்தான் ஆட்டம். இதைப் படித்த பிறகு நான் எந்த விதிமுறையில் நடத்தினாலும் தடயத்துக்குப் பகடை கேட்பதை விட்டுவிட்டேன்.

இனி உங்கள் மடாலயத்துக்கு வருவோம்.

முதலில் நண்பர்களிடம் பேசுங்கள். அவர்கள் வீரசாகசம் ஆடத்தான் வந்தார்கள், அந்தச் சக்திகளை வளர்க்கப் பல வாரம் செலவழித்திருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் அவற்றைப் பிடுங்கினால் வருவது திகில் அல்ல, எரிச்சல். அடுத்த மூன்று அமர்வுக்கு விதிகளை இறுக்கப்போகிறேன், சம்மதமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். யாருக்காவது விருப்பமில்லை என்றால், இதே மடாலயத்தை ஒரே ஒரு இரவுக்கு கால் ஆஃப் கதுல்ஹுவிலோ ட்ரெட்டிலோ புதுப் பாத்திரங்களோடு நடத்துங்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த இரண்டாவது வழிதான் அதிகம் பிடிக்கும். உங்கள் எழுத்து வீணாகாது, ஐந்தாம் பதிப்போடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

ஐந்தாம் பதிப்பிலேயே தொடர்வதென்றால், 2014-ன் டஞ்சன் மாஸ்டர் கையேட்டிலேயே விருப்ப விதி ஒன்று இருக்கிறது: குறுகிய ஓய்வு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வு ஏழு நாள். இந்த ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். மடாலயத்துக்குள் ஏழு நாள் யாரும் நிம்மதியாகப் படுக்க முடியாது, ஆகவே போகும் ஒவ்வொரு புள்ளியும் போனதுதான். பூசாரி தன் மந்திரங்களை எண்ண ஆரம்பிப்பார். கூடவே, அந்த மடாலயத்தின் எல்லைக்குள் மந்திர ஒளி பிடிக்காது, இருட்டில் தெரியும் கண்ணும் பத்தடிக்கு மேல் வேலை செய்யாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு காரணமும் உலகத்துக்குள் இருக்கட்டும். அந்தத் துறவிகள் எதை அணைத்தார்கள் என்பதே கதையின் மர்மமாகிவிடலாம். தீப்பந்தம் ஒரு மணி நேரம் எரியும், அதை எண்ணுங்கள். நீங்கள் எழுதிய இருட்டு அப்போதுதான் அவர்கள் தாளிலும் இருட்டாகும்.

பகடை உருளும் முன்பே தோற்றால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுங்கள். "இந்தக் கதவை உடைக்கலாம், ஆனால் தவறினால் சத்தம் மணிக்கூண்டு வரை கேட்கும்." அதைக் கேட்ட பிறகும் போடுவதா வேண்டாமா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் அந்த ஐந்து விநாடிக்குப் பின்னணி இசை தேவைப்படாது. விளக்கு மங்கலாகவே இருக்கட்டும், அது நல்லதுதான், எண்களைப் படிக்க முடிந்தால் சரி.

வர்ணனையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறைக்கு இரண்டு விவரம் போதும், ஆனால் இரண்டும் கையால் தொட்டு ஏதாவது செய்யக்கூடியதாக இருக்கட்டும். ஈரச் சுவர், சிலந்தி வலை எல்லாம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அவற்றை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை. மேசைமேல் இன்னும் சூடாக இருக்கும் மெழுகு என்றால், "அப்போ யாரோ இப்பத்தான் இங்கிருந்து போயிருக்காங்க" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் திரும்பிக் கதவைப் பார்ப்பார். பூதத்தின் பெயரைச் சொல்லவே வேண்டாம். பெயர் சொன்ன நொடியில் அதன் தற்காப்பு எண் யாருக்காவது ஞாபகம் வந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் அமர்வில் ஓய்வு விதியையும் ஒளியையும் மட்டும் மாற்றிவிட்டு, அவர்கள் கதவுகளைத் திறக்கும் விதம் மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் மற்றதைத் தொட வேண்டியதில்லை. மாறவில்லை என்றால், பாத்திரங்களுக்கு அந்த மடாலயத்துக்குள் காப்பாற்ற வேண்டியவர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.